அட்டை கேட்டால் அவமரியாதையா?

கதிர்மானி:
நேற்று பஸ் நேரம் பற்றிய இழையில் கடலோரவாசி போகிற போக்கில் கல்பாக்கம் அணுமின் வளாகத்தின் காவல் பற்றி ஒரு முத்து உதிர்த்துவிட்டுப் போனார். அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "கல்பாக்கத்தைச் சுற்றி மதில் இருக்கிறது, மத்திய தொழிற்பாதுகாப்புப் படை துப்பாக்கியோடு நிற்கிறது. இதற்கு மேல் பாதுகாப்புப் பண்பாடு என்று வகுப்பு எடுப்பது வெட்டி வேலை. காலமெல்லாம் உழைத்த அதிகாரி ஒருநாள் அடையாள அட்டையை மறந்து வந்தால், முகம் தெரிந்த காவலர் வணக்கம் சொல்லி உள்ளே விட வேண்டும். நிறுத்துவது அவமரியாதை."

இதைப் படித்ததும் எரிச்சலில் தூக்கம் போய்விட்டது. எண்ணூர், மணலி பக்கம் ரேடியோகிராபி வேலையில், அதாவது ஆலைக் குழாய்களைக் கதிர்வீச்சால் படம் பிடித்துச் சோதிக்கும் வேலையில், கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலராகப் பிழைக்கிறவன் நான். என் பொறுப்பில் இருப்பது உலை அல்ல. ஒரு பெட்டிக்குள் அடங்கும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள். அதை வைத்திருக்கும் அறைக்கே அட்டை இல்லாமல் யாரையும் விடுவதில்லை. உலை இருக்கும் இடத்தில் முகம் பார்த்து விடுவார்களாம்! நேற்று மாலை பணிநீக்கம் செய்யப்பட்டவரின் முகமும் காவலருக்குத் தெரிந்த முகம்தானே ஐயா?

கடலோரவாசி:
எனக்காகத் தனி இழையே திறந்தாயிற்றா? மகிழ்ச்சி. நான் அந்த வளாகத்துக்குள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணலியில் குழாய்க்குப் படம் எடுப்பவர் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். 2004 சுனாமி அன்று ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்களே, அட்டை பார்த்தா நிறுத்தினார்கள்? வேலை தெரிந்து நிறுத்தினார்கள். அதுதான் பண்பாடு.

கதிர்மானி:
சுனாமிக்கு உள்நோக்கம் கிடையாது. நான் பேசுவது உள்நோக்கத்தோடு வருகிற மனிதனைப் பற்றி. பேச்சை மாற்றாதீர்கள். அட்டை இல்லாத அதிகாரியை நிறுத்த வேண்டுமா, வேண்டாமா?

மதிலும் துப்பாக்கியும் போதும் என்கிறீர்களே, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆயுத வளாகத்தில் அவை இல்லையா? ஆயுதத் தரத்துக்குச் செறிவூட்டிய யுரேனியம் வைத்திருக்கும் இடம் அது. 2012 ஜூலையில் 82 வயதுக் கன்னியாஸ்திரி ஒருவர், துணைக்கு இரண்டு பேர், கையில் கம்பி வெட்டும் கருவி. வேலி வேலியாக வெட்டிக்கொண்டு சுவர்வரை போய் வாசகம் எழுதினார்கள், ரத்தம் ஊற்றினார்கள். உணர்கருவி மணி அடித்தது. ஆனால் அங்கே பொய்மணி அடிப்பது அன்றாடம். பழுதான கேமராக்கள் பழுதாகவே கிடந்தன. காசு கொட்டிப் போட்ட வேலிதான். மணி அடித்தால் எழுந்துபோய்ப் பார்க்கும் பழக்கம் செத்துப்போயிருந்தது.

அம்பத்தூர் லேத்து:
அந்தக் கன்னியாஸ்திரியிடம் அட்டை கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா? உங்கள் உதாரணமே உங்கள் காலை வாருகிறது. வேலியை வெட்டி வருகிறவருக்கும் கேட்டில் அட்டை கேட்பதற்கும் என்ன சம்பந்தம்?

தரமணி மாணவி:
வணக்கம். முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்ளலாமே? சர்வதேச அணுசக்தி முகமை 2008-ல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தனிமனிதர்கள், நிறுவனங்கள், அமைப்புகள் ஆகியோரின் இயல்பு, மனப்பாங்கு, நடத்தை எல்லாம் சேர்ந்து பாதுகாப்பைத் தாங்கி நிற்பதையே அது பாதுகாப்புப் பண்பாடு என்கிறது. அச்சுறுத்தல் உண்மையானது, அதைத் தடுப்பது முக்கியம் என்று ஊழியர்கள் நம்புவதுதான் அதன் அடித்தளம். அட்டை அதில் ஒரு சிறு துளி. தலைமை எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அந்த வழிகாட்டி தரும் இடம் மிகப் பெரியது.

கதிர்மானி:
லேத்து, சம்பந்தம் இருக்கிறது. முகம் தெரிந்தவரை விட்டுவிடும் காவலரும், மணி அடித்தும் "வழக்கமானதுதான்" என்று உட்கார்ந்திருக்கும் காவலரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அட்டை இல்லாத அதிகாரியை நிறுத்த வேண்டுமா, வேண்டாமா? கடலோரவாசி இன்னும் பதில் சொல்லவில்லை.

கடலோரவாசி:
சொல்லிவிட்டேன். நிறுத்தத் தேவையில்லை. மரியாதை தெரிந்த ஊரில் வளர்ந்தவன் நான்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில், குடிநீர்க் குளிர்விப்பானில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த கனநீரை (உலையில் பயன்படும் நீரை) ஊற்றியது யார்? வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில்தான் அது தெரியவந்தது. வெளியாள் மதில் ஏறி வந்து ஊற்றவில்லை, உள்ளே இருந்த யாரோ செய்த வேலை என்று அணுசக்தித் துறையே சொன்னது. அந்த ஆளிடம் அட்டை இருந்திருக்கும் அல்லவா? கேட்டில் காட்டியிருப்பார் அல்லவா? உங்கள் அட்டை என்ன கிழித்தது?

அம்பத்தூர் லேத்து:
இதற்குப் பதில் சொல்லுங்கள் கதிர்மானி. பாப்கார்னோடு காத்திருக்கிறேன்.

கதிர்மானி:
சொல்கிறேன், சாப்பிட்டு முடியுங்கள். கைகாவை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. உள்ளே இருப்பவரே கெடுதல் செய்யலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு, "உள்ளவர் என்பதால் விட்டுவிடு" என்பது எப்படி நியாயமாகும்? பெல்ஜியத்தில் 2014 ஆகஸ்டில் டூல் அணுமின் நிலையத்தின் நான்காம் உலையில் டர்பைனின் மசகு எண்ணெயை யாரோ வேண்டுமென்றே வடித்துவிட்டார்கள். சுமார் 65,000 லிட்டர். டர்பைன் வெந்து நாசமானது, உலை மாதக்கணக்கில் நின்றது. அங்கேயும் மதில் இருந்தது, வாயிலில் காவல் இருந்தது.

அட்டையால் மட்டும் இதைத் தடுக்க முடியும் என்று நான் எங்கே சொன்னேன்? முக்கியமான அறைக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்று விதி வைப்பது இதற்காகத்தான். கேட்டில் அதிகாரிக்குச் சலுகை கொடுத்துப் பழகிய இடத்தில், அந்த இரண்டாவது ஆள் டீ குடிக்கப் போயிருப்பார்.

என் அனுபவம் ஒன்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சோர்ஸ், அதாவது அந்தக் கதிரியக்கப் பொருள், வைக்கும் அறைக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு ஆள். புதிதாக வந்த மேலாளர் "ராத்திரி ஷிப்டில் ஆளைத் தேடி அலைய முடியாது" என்று இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துத் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். பதிவேட்டில் மட்டும் இரண்டு கையெழுத்து, இரண்டும் ஒரே பேனா, ஒரே சாய்வு. எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். மெமோ எனக்கு வந்தது. அடுத்த மாதம் ஒரு பையன் கேமராவை (சோர்ஸ் இருக்கும் பெட்டியைத்தான் அப்படிச் சொல்வோம்) வேனில் பூட்டாமல் விட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போனான். பார்த்தவர்கள் பலர், வாய் திறந்தவர் ஒருவரும் இல்லை. எனக்கு வந்த மெமோவைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்களே.

கடலோரவாசி:
உங்கள் மெமோ கதையை இந்தத் தளத்தில் எத்தனை இழையில்தான் படிப்பது? அணுசக்தி என்றாலும் மெமோ, மின்கட்டணம் என்றாலும் மெமோ.

ஒப்பந்தத் தொழிலாளி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இதுபோன்ற ஒரு வளாகத்தில் ஒப்பந்தத்தில் வேலை செய்தவன். எங்கள் டிபன் கேரியரை அடுக்கு அடுக்காகத் திறந்து பார்ப்பார்கள். ஒருநாள் ரசத்துக்குள் பேனாவை விட்டுக் கலக்கிப் பார்த்தார்கள். அதே நேரத்தில் பக்கத்து வழியில் கறுப்புக் கண்ணாடி போட்ட கார் நிற்காமல் போகும். சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் நின்றால் நாங்களும் முணுமுணுக்காமல் அடுக்கைத் திறந்து காட்டுவோம். நிற்காதவரை, வரிசையில் உள்ள எல்லோருக்கும் இது வெறும் நாடகம்தான். யாராவது இதற்குப் பதில் சொல்லுங்கள்.

அம்பத்தூர் லேத்து:
ரசத்தில் பேனா! கடலோரவாசி, அது எந்த மரியாதையில் சேர்த்தி?

கடலோரவாசி:
காவலர் ஒருவரின் அதிகப்பிரசங்கித்தனத்துக்கு நான் பொறுப்பல்ல. படையைக் குறை சொல்லும் கூட்டம் கிளம்பிவிட்டது.

கதிர்மானி:
யாரும் படையைக் குறை சொல்லவில்லை. ஆனால் படை இருக்கிறது என்பதோடு பேச்சை முடிக்கிறீர்களே, 2014 அக்டோபரில் கல்பாக்கத்திலேயே அந்தப் படையின் தலைமைக் காவலர் ஒருவர் தம் சக வீரர்கள் மூவரைச் சுட்டுக் கொன்றது மறந்துவிட்டதா? காவலுக்கு நிற்பவரின் மனநிலையை, களைப்பை, குறையை யாராவது கேட்க வேண்டாமா? அதைக் கேட்பதும் பாதுகாப்புப் பண்பாட்டில் அடக்கம்.

கூடங்குளத்தையும் பார்த்துவிடுவோம். 2019 அக்டோபர் 29 அன்று "உலையின் கட்டுப்பாட்டு அமைப்பின் மீது இணையத் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை" என்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் தீநிரல் (கணினியைக் கெடுக்கும் மால்வேர்) இருந்தது உண்மை என்றது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணினியில்தான், உலையின் கட்டுப்பாட்டு வலையமைப்பு தனி, அதில் பாதிப்பில்லை என்று விளக்கமும் தந்தது. நல்லது. ஆனால் முதல் நாள் வாயிலிருந்து வந்த சொல் "வாய்ப்பே இல்லை". "எங்களுக்கு நடக்காது" என்கிற இந்த நினைப்புக்கும், "அவர் நம்ம ஆள், உள்ளே விடு" என்பதற்கும் ஒரே வேர். நிறுத்த வேண்டுமா, வேண்டாமா?

தரமணி மாணவி:
நான் மேலே இட்ட வரையறையை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

அம்பத்தூர் லேத்து:
படித்தேன் அம்மா. அதில் கேட் என்ற சொல்லே வரவில்லை.

கடலோரவாசி:
கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டம். தலைப்பு கல்பாக்கம். சென்னைக்காரர்கள் எதையும் எதோடும் முடிச்சுப் போடுவீர்கள்.

அம்பத்தூர் லேத்து:
கல்பாக்கம் மட்டும் சென்னையா? செங்கல்பட்டு மாவட்டம். எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

கடலோரவாசி:
நிலையத்தின் பெயரே சென்னை அணுமின் நிலையம். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வாருங்கள்.

கதிர்மானி:
அப்படியானால் சென்னைக்காரனாகவே கேட்கிறேன். ஊருக்குள் எத்தனை மருத்துவமனைகளில், எத்தனை ஆய்வுக்கூடங்களில் கதிரியக்கப் பொருள் இருக்கிறது? அங்கே எந்தப் படையும் நிற்பதில்லை. 2010-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் மூலையில் கிடந்த பழைய கருவியைக் கோபால்ட்-60 உள்ளே இருக்கும்போதே ஏலத்தில் விற்றது. அது மாயாபுரி பழைய இரும்புக் கடைக்குப் போனது. பிரித்தவர்களுக்குக் கதிர்வீச்சுக் காயம், ஒருவர் செத்தே போனார். திருடன் வரவில்லை, வேலியை யாரும் வெட்டவில்லை. பொருள் தங்களிடம் இருப்பதையே மறந்துவிட்டார்கள். கணக்கு கேட்க ஆள் இல்லாத இடத்தில் மதில் கட்டி என்ன பயன்?

கடலோரவாசி:
மாயாபுரியில் கேட்டே இல்லை. ஆக, கேட்டில் அட்டை கேட்பது பற்றி நீங்கள் காட்டிய ஒரு சான்றும் கேட்டைப் பற்றியது அல்ல. நன்றி, வணக்கம்.

கதிர்மானி:
தாங்கள் காட்டிய கைகாவும் கேட்டைப் பற்றியது அல்ல.

மட்டுறுத்துநர்:
தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். வளாகங்களின் காவல் ஏற்பாடு, வாயில் விவரம் எதையும் யாரும் இங்கே எழுத வேண்டாம். அப்படி வந்த இரண்டு இடுகைகளை நீக்கியிருக்கிறேன்.

ஒப்பந்தத் தொழிலாளி:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அம்பத்தூர் லேத்து:
நீக்கிய இரண்டும் கடலோரவாசியுடையதா? நெம்மேலி குடிநீர் இழையிலும் இவர் இடுகைகள் இப்படித்தான் காணாமல் போயின. கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி ஆலையையும், கல்பாக்கத்தில் உள்ள அதே மாதிரி ஆலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியவர் இவர்தான்.

கடலோரவாசி:
குழப்பியது நான் அல்ல. அந்த இழையின் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் எனக்கு எதிராக ஆள் சேர்த்தது கதிர்மானிதான்.

கதிர்மானி:
மூன்றாம் பக்கத்தில் நான் இல்லவே இல்லை. இருந்தால் படம் பிடித்துப் போடுங்கள், பார்க்கலாம்.