மேனேஜர் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார், வழக்கு நிற்குமா?

கேள்வி (கோவை பம்ப்செட்காரர்):
எங்கள் விற்பனை மேனேஜர் விலகி, பக்கத்துப் போட்டியாளரிடம் சேர்ந்துவிட்டார். 2 வருடம் அப்படிச் சேரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர். டீலர் விலைப்பட்டியலும் கூடவே போயிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:
அந்த 2 வருட நிபந்தனை நிற்காதுங்க. 1872 ஒப்பந்தச் சட்டம், 27ஆவது பிரிவு, தொழில் செய்யத் தடை போடும் ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது. இப்படிப்பட்ட நிபந்தனை வேலையில் இருக்கும் காலத்துக்குத்தான் செல்லும். உச்ச நீதிமன்றத்தின் 1967 கோலிகரி தீர்ப்பைப் பாருங்க. ஒருத்தர் பிழைப்பைத் தடுக்காதீங்க, விலைப்பட்டியலைப் பிடிங்க.

பதில்:
அவருடைய லேப்டாப்பை யாரும் தொடாமல் பூட்டி வையுங்கள். மெயில் தடத்தை, 2023 சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழோடு தாக்கல் செய்யலாம்.

கேள்வியாளர்:
சரி அண்ணா, போட்டியாளரிடம் இருப்பதை எப்படி எடுப்பது?

பதில்:
அவர்களையும் பிரதிவாதியாகச் சேருங்கள். அப்புறம் சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 11இன்படி ஆவணங்களைக் காட்டச் சொல்லி மனு போடுங்கள். அழித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் அட்வகேட் கமிஷனரை (நேரில் போய்ப் பார்க்க நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர்) கேளுங்கள். அங்கே வேலை செய்பவரைப் பிடித்து ஃபைல் எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.