ஊசி குத்தினால் மூளையின் மொழிப் பகுதி விழிக்குமா?

(மூன்று பேரின் விவாதம். முன்கை, சந்தேகப்பிராணி, தேனடை மூன்றும் புனைபெயர்கள்.)

முன்கை: பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு அக்குபங்சர் உதவுகிறது. வெறும் நம்பிக்கை இல்லை, ஸ்கேனிலேயே தெரிகிறது. முன்கையின் புறப்பக்கத்தில் ஒரு புள்ளி. அங்கே ஊசி போட்டால் மூளையின் மொழிப் பகுதி வேலை செய்கிறது. மறுக்கிறவர்கள் வரலாம்.

சந்தேகப்பிராணி: வந்துவிட்டேன். எந்த ஸ்கேன்? 2003இல் வந்த எஃப்எம்ஆர்ஐ (வேலை செய்யும் மூளைப் பகுதிகளைக் காட்டும் ஸ்கேன்) ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. வார்த்தைகளை யோசிக்கச் சொன்னபோது மூளையின் இடப்பக்க முன்பகுதி, அதாவது பேச்சை உருவாக்க உதவும் ப்ரோக்கா பகுதி இருக்கும் பக்கம், எழுந்தது. நீங்கள் சொல்லும் முன்கைப் புள்ளியிலும் பிடரிப் புள்ளியிலும் மின்தூண்டல் கொடுத்தபோது அந்த இடம் எழவில்லை. கால் சுண்டுவிரல் புள்ளி பார்வைப் பகுதியைத் தூண்டுகிறது என்று 1998இல் ஒரு கட்டுரை பெரிய பரபரப்பைக் கிளப்பியதே, அதை எழுதியவர்களே 2006இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

முன்கை: சுண்டுவிரல் கதை எனக்கு எதற்கு? வேறு ஆய்வுகளில் மொழிப் பகுதி எழுந்திருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சந்தேகப்பிராணி: எழாமல் என்ன செய்யும்? ஆய்வுக்கு வந்தவர் தலையை அசைக்காமல் ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருக்கிறார், காதில் இயந்திரத்தின் டக்டக் சத்தம், கையில் இன்னொருவர் ஊசியைத் திருகுகிறார். ‘ஐயோ, இன்னும் எவ்வளவு நேரம்’ என்று மனதுக்குள் சொன்னாலே போதும், மொழிப் பகுதிக்கு ரத்தம் பாயும். எஃப்எம்ஆர்ஐ அளப்பது அந்த ரத்த ஓட்ட மாற்றத்தைத்தான். அதற்கு ஊசிதான் காரணம் என்று படம் சொல்லாது.

முன்கை: சரி, படத்தை விடுங்கள். 2024இல் சீனாவில் செய்த சோதனை வெளிவந்தது. பக்கவாதத்தால் பேச்சிழந்த 252 பேர். பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்குப் போலி ஊசி, ஆறு வாரம். பேச்சுத்திறன் மதிப்பெண்ணில் நிஜ ஊசிக்காரர்கள் சுமார் 8 புள்ளி முந்தினார்கள். இதற்கும் ‘ஐயோ’தான் காரணமா?

சந்தேகப்பிராணி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! நல்ல சோதனைதான், மதிக்கிறேன். ஆனால் குத்துகிறவருக்கு எது நிஜம், எது போலி என்று தெரியும். அவருடைய முகமும் குரலும் நோயாளியிடம் எதையாவது காட்டிக்கொடுக்கும். வேறொரு நாட்டில் வேறொரு குழு செய்து இதே விடை வரட்டும். அப்படியே வந்தாலும் ‘ஊசி மொழிப் பகுதியை எழுப்பியது’ என்று ஆகாது. பலன் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எந்த வழியாக வருகிறது என்பது வேறு கேள்வி.

தேனடை: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அந்தச் சோதனையில் இரண்டு குழுவுக்குமே பேச்சுப் பயிற்சி இருந்தது, அதை இருவருமே சொல்லவில்லை. பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் மூளை தானாகவே ஓரளவு தேறும். அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். போலி ஊசிக் குழு வேண்டியிருப்பது அதனால்தான்.

முன்கை: அப்படியானால் ஊசி வேண்டாம் என்கிறீர்களா?

தேனடை: அப்படிச் சொல்லவில்லையே. பயிற்சியை விட்டுவிட்டு ஊசிக்கு மட்டும் போகாதீர்கள். அப்புறம், பக்கவாதம் வந்தவர்களில் நிறையப் பேர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பார்கள். ஊசி போடுகிறவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.