பழைய டெய்லர்கிராஃப்ட் விமானத்துக்கு இடப்பக்கம் இன்னொரு கதவு வைக்கலாமா?

பண்டாரவளைப் பையன்:
கனடாவில் இருக்கிற என் மாமா 1946ஆம் ஆண்டு டெய்லர்கிராஃப்ட் பிசி-12டி ஒன்று வாங்கியிருக்கிறார். பக்கம் பக்கமாக இரண்டு சீட், 65 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜின், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வலப்பக்கம் மட்டும்தான் கதவு, ஓட்டுகிறவர் உட்காருவதோ இடப்பக்கம். முழங்கால் வலியோடு அவர் முதலில் ஏறி, கன்ட்ரோல் வீலில் முட்டாமல் அந்தப் பக்கம் நகர்ந்து போனபிறகுதான் மாமி ஏறலாம், இறங்கும்போது மாமி இறங்கினால்தான் மாமாவுக்கு விடுதலை. நான் ரத்மலானையில் விமானப் பராமரிப்பு படிப்பதால் என்னைக் கேட்கிறார்: "வெளியே துணிதானேடா, வெட்டி ஒரு கதவை மாட்டினால் என்ன?" என்ன சொல்வது?

ஹட்டன் வெல்டிங்:
துணியை வெட்டலாம் தம்பி, உள்ளே இருக்கிற இரும்புக் குழாய்தான் பிரச்சினை. பக்கவாட்டில் சாய்வாக ஓடும் குழாய்தான் பிரேம் கோணாமல் பிடித்துக்கொள்கிறது. கதவுக்கென்று கட்டாத பக்கத்தில் அதை அறுத்தால் அந்தச் சுமை வேறெங்காவது போய் நிற்கும், இறக்கையைத் தாங்கும் கம்பியும் கீழ்க்குழாயில்தான் வந்து பிடிக்கிறது. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் பின்சுவரை உடைத்துக் கதவு வைத்தார்கள், மேசன் பாஸ் கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் போடவில்லை. அடுத்த மழைக்குக் கூரை இறங்கி, அதுவரை ஒழுங்காக இருந்த முன்கதவும் சாத்த முடியாமல் போனது.

மேகமலை:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் முதலில் உள்பக்கப் பேனலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாடலிலேயே இரண்டு கதவோடு வந்தவையும் உண்டு. இடப்பக்கமும் வலப்பக்கம் மாதிரியே திறப்பு விட்டுக் கட்டியிருந்தால் கதவு, கீல், பூட்டு, துணி என்று வேலை பெரும்பாலும் முடிந்துவிடும், பிறகு எடைபோட்டு ஈர்ப்புமையத்தைத் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கீகரித்த வரைபடம் இல்லாமல் ஒரு குழாயைத் தொடக்கூடாது. கனடாவில் ஓனர் மெயின்டனன்ஸ் என்று ஒரு வகை இருக்கிறது, உரிமையாளரே வேலை பார்த்துக் கையெழுத்திடலாம். ஆசைப்பட்டு அதற்கு மாற்றிவிட வேண்டாம், அப்புறம் அமெரிக்காவுக்குள் பறக்க விடமாட்டார்கள், பழைய வகைக்குத் திரும்புவதும் லேசில்லை. பைப்பர் செரோக்கி விமானத்துக்கும் வலப்பக்கம் ஒரே கதவுதான், பல வருடங்களாக எல்லோரும் அப்படித்தான் தவழ்கிறார்கள்.

தேத்தண்ணி:
மாமி ஓட்டப் படிக்கட்டும். மாமா கடைசியில் ஏறி முதலில் இறங்கலாம் 😄

ஹட்டன் வெல்டிங்:
அல்லது மாமாவே வலப்பக்கம் இருந்து ஓட்டிப் பழகலாமே? ஆனால் அந்தப் பக்கம் பிரேக் பெடல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பண்டாரவளைப் பையன்:
எல்லாவற்றையும் போனில் வாசித்துக் காட்டினேன். லயக் கதைக்குப் பிறகு மாமா அறுக்கும் வாளைக் கீழே வைத்துவிட்டார். ஹேங்கரில் ஹீட்டர் இல்லையாம், குளிர் விட்டதும்தான் பேனலைக் கழற்றுவாராம். மாமி ஓட்டுகிற யோசனைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதுவரைக்கும் முழங்காலுக்கு இரண்டு டப்பா சித்தாலேப தைலம் அனுப்பச் சொன்னார்.