மெடிகேரில் (அமெரிக்காவில் முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) எதிர்பாராமல் வந்த செலவு: உங்கள் அனுபவம்?

கொன்றைப்பூ:
அப்பா தலைசுற்றி விழுந்தார். எமர்ஜென்சியிலிருந்து வார்டுக்கு மாற்றி மூன்று இரவு வைத்திருந்தார்கள். கையில் பட்டை, ட்ரிப்ஸ், கட்டிலுக்கே சாப்பாடு. இரண்டாம் நாள் ஒரு பெண் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். "நீங்கள் உள்நோயாளி இல்லை, அப்சர்வேஷனில், அதாவது கவனிப்பில் மட்டும் இருக்கிறீர்கள்." அப்பா போர்வையை விலக்கி, கட்டிலைத் தட்டிக் காட்டி, "அப்ப இது என்னம்மா, பெஞ்சா?" என்று தமிழிலேயே கேட்டார்.

அங்கிருந்து ரீஹாப், அதாவது உடம்பு தேறப் பயிற்சி தரும் மையம். மெடிகேர் ஒரு டாலர்கூடத் தரவில்லை. தொடர்ந்து மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தால்தான் ரீஹாபில் முதல் 20 நாள் இலவசம். அப்சர்வேஷன் இரவுகள் கணக்கில் சேராது. எல்லாம் அப்பாவின் சேமிப்பிலிருந்துதான் போனது.

நீலக்குடை:
மெடிகேர் இலவசம்தானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அம்மா கிரீன் கார்டில் வந்து ஐந்து வருடம் முடிந்ததும் சேர்த்தோம். இங்கே 40 கிரெடிட் (சுமார் பத்து வருடம்) வேலை பார்த்தவருக்கும் அவர் துணைக்கும்தான் பார்ட் ஏ-க்கு (ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவு) பிரீமியம் கிடையாது. பிள்ளை கட்டிய வரி அம்மாவுக்கு உதவாது. 2026-இல் பார்ட் ஏ மாதம் 565 டாலர், பார்ட் பி (டாக்டர் செலவு) 202.90. அம்மா பென்சிலால் கூட்டி, 12-ஆல் பெருக்கி, அடியில் இரண்டு கோடு போட்டார். 9,214.80. "அப்பா பென்ஷன் மொத்தமும் இவ்வளவு வராதேடா" என்றார். பார்ட் பி மட்டும் எடுக்கலாம்தான், ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்?

தெற்குவாசல்:
கொன்றைப்பூ, அட்வான்டேஜ் (தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் திட்டம்) எடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை. பல திட்டங்களில் அந்த மூன்று நாள் விதி கிடையாது. என் மாமனார் நேரே ரீஹாபுக்குப் போனார்.

மலைச்சாரல்:
தெற்குவாசல் சார், பாதியைத்தான் சொல்கிறீர்கள். அட்வான்டேஜில் பலவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். என் மாமியார் வாக்கரைப் பிடித்து நாலடி வைக்க ஆரம்பித்த அன்றுதான், இன்னும் இரண்டு நாளில் ரீஹாப் கவரேஜ் முடிகிறது என்று நோட்டீஸ் வந்தது.

65-ஐ நெருங்குகிறவர்கள் கவனியுங்கள். அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரில், பார்ட் பி செலவில் நாம் கட்டும் 20 சதவீதப் பங்குக்கு உச்சவரம்பே இல்லை. அதற்குத்தான் மெடிகேப் என்ற தனியார் துணைக் காப்பீடு. 65 ஆகி, பார்ட் பி தொடங்கிய மாதத்திலிருந்து 6 மாதத்துக்குள் வாங்கினால் உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது. அப்புறம் பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம். பார்ட் பி-யைத் தள்ளிப்போட்டால் ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம், அதுவும் வாழ்நாள் முழுக்க. வேலையில் இருக்கும்போது உள்ள இன்சூரன்ஸ் இருந்தால்தான் அபராதமில்லாமல் தள்ளிப்போடலாம்; வேலையை விட்டபின் நாமே பணம் கட்டித் தொடரும் கோப்ரா அந்தக் கணக்கில் வராது. பல்லுக்கும் காது மெஷினுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

கொன்றைப்பூ:
எந்தத் திட்டம் நல்லது என்று நான் கேட்கவில்லை. உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டு நடுவில் அப்சர்வேஷனுக்கு மாற்றினால், 2025 முதல் ஒரிஜினல் மெடிகேரில் அப்பீல் செய்யலாம். அப்பாவுக்கு முதலிலிருந்தே அப்சர்வேஷன்தான், அதனால் அந்த வழியும் அடைபட்டது. இப்போது யார் வீட்டிலாவது பெரியவர்கள் வார்டில் இருந்தால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் இன்றே கேளுங்கள். உள்நோயாளி என்று அவர் எழுதிய நேரத்திலிருந்துதான் நாள் கணக்கு ஓடும், கழிந்த இரவுகளுக்குப் பின்தேதி போட முடியாது.