2 அடி தொட்டியில் ஏஞ்சல் மீன்கள் அடிச்சுக்குது, என்ன பண்ணலாம்?

பெரம்பூர் மாடிவீடு:

வணக்கம். மீன் வளர்ப்புல நான் கத்துக்குட்டிதான், தப்பா ஏதாவது பண்ணியிருந்தா திட்டாம சொல்லுங்க.

போன ஆடியில கொளத்தூர் போய் நாலு ஏஞ்சல் வாங்கினோம். வெள்ளை ஒண்ணு, மார்பிள் ஒண்ணு, கருப்பு ரெண்டு. அப்போ ஒவ்வொண்ணும் பத்து ரூபா காசு அகலம்தான். தொட்டி 2 அடி நீளம், அகலமும் உயரமும் ஒவ்வொரு அடி. பையன் அடம் பிடிச்சான்னு கூட ஆறு நியான் டெட்ரா, குட்டி மீனுங்க. எட்டு மாசம் ஒரு தொல்லையும் இல்ல. நியான் மட்டும் ஒண்ணு ஒண்ணா குறைஞ்சுக்கிட்டே வந்துது. செத்து மிதந்தா எடுத்துப் போடலாம், உடம்பே கிடைக்கல. இப்போ மிச்சம் ஒண்ணே ஒண்ணு.

பத்து நாள் முன்னாடி வெள்ளையும் ஒரு கருப்பும் சேர்ந்து ஃபில்டர் குழாயை வாயால கொத்திக் கொத்தித் தேய்ச்சுதுங்க. பாசியைத் தின்னுதுன்னு விட்டுட்டேன். சாயங்காலம் பார்த்தா குழாய் மேல வரிசை வரிசையா முட்டை, கடுகு அளவு ஜவ்வரிசியை ஒட்டி வச்ச மாதிரி. வீடே கொண்டாடிச்சு.

மறுநாள்லேர்ந்து ரவுடித்தனம். மத்த ரெண்டையும் ஒரு மூலைக்குத் துரத்திடுச்சுங்க. மார்பிளுக்கு வயித்துக்கு அடியில தொங்கற மீசை ஒரு பக்கம் பாதிதான் இருக்கு, வால் நைஞ்ச பனியன் மாதிரி தொங்குது. தண்ணி மட்டத்துல மூக்கை மேல தூக்கிக்கிட்டு ஆடாம அசையாம நிக்குது. தீனி போட்டா நாலு விரக்கடை வரும், வெள்ளை திரும்பிப் பார்த்ததும் பழைய மூலைக்கே ஓடிடும்.

முட்டையெல்லாம் மூணாம் நாளே வெளுத்துப் போச்சு, அதுங்களே தின்னும் தீர்த்துடுச்சு. ஆனா கோபம் மட்டும் போகல. "பேரைப் பாரு, ஏஞ்சலாம்"னு மாமியார் தினமும் ஒரு தடவை சொல்லிடறாங்க. பெரிய தொட்டி வைக்க ஹால்ல இடமில்ல. என்ன வழி?

வண்டலூர் பையன்:

அக்கா, இன்னும் நாலு ஏஞ்சல் வாங்கி விடுங்க. கூட்டம் ஜாஸ்தி ஆனா ஒரே மீன் மேல அடி விழாது. என் டைகர் பார்ப் மூணு இருந்தப்போ ஒண்ணையொண்ணு பிச்சுக்கிச்சு, எட்டு ஆக்கினேன், கப்சிப்.

மொட்டைமாடித் தொட்டி:

தம்பி சொன்னது டைகர் பார்ப்புக்குச் சரி. அது கூட்டமா வாழ்ற மீன். எட்டு பத்து இருந்தா அதுங்களுக்குள்ளயே விளையாடிக்கும். ஜோடி சேர்ந்த ஏஞ்சலுக்கு அதைப் பண்ணாதீங்கம்மா, அடி வாங்கற மீனோட எண்ணிக்கைதான் ஏறும்.

நான் மொட்டை மாடியில சிமென்ட் தொட்டி கட்டி பன்னிரண்டு வருஷம் ஏஞ்சல் குஞ்சு எடுத்தவன். முழங்கால் வலியால விட்டுட்டேன், இல்லன்னா இன்னும் எடுத்துக்கிட்டுத்தான் இருப்பேன். ஏஞ்சல் சிக்லிட் குடும்பம். நம்ம ஏரியில கிடைக்கிற ஜிலேபி கெண்டையும் அதே குடும்பந்தான். முட்டை போட்ட இடத்தைக் காவல் காக்கிறது அதுங்க பிறவிக் குணம். அமேசான் பக்கத்து ஆத்துல ஒண்ணு விரட்டினா இன்னொண்ணு பத்தடி தள்ளிப் போயிடும். உங்க தொட்டியில போறதுக்கு இடம் ஏது? 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடின்னா விளிம்பு வரைக்கும் ஊத்தினாலே 56 லிட்டர். கல்லும் மேல விடற இடைவெளியும் கழிச்சா 45 தேறினா பெரிசு. துடுப்பை விரிச்சா ஒரு சாண் உயரம் நிக்கிற மீன் அது. அந்தத் தண்ணி ஒரு ஜோடிக்கே இறுக்கம்.

முட்டை போயும் ஏன் கோபம் போகலன்னு கேட்டீங்க. முட்டை அழிஞ்சா ஒண்ணு ரெண்டு வாரத்துல அடுத்த ஈடு போட ஜோடி தயாராயிடும். சுத்தி விரட்டி இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான்.

இன்னைக்கு ராத்திரியே மார்பிளை வெளிய எடுங்க. மூக்கைத் தூக்கிக்கிட்டு மூலையில நிக்கிற மீன் ரொம்ப நாள் தாங்காது. 20 லிட்டர் பக்கெட் போதும். தொட்டித் தண்ணியையே ஊத்தி, ஏர் பம்பு போட்டு, மேல வலை கட்டுங்க, குதிச்சிடும். மீன் கழிவைச் சுத்தம் பண்ற பழகின ஃபில்டர் பக்கெட்ல இருக்காது, அதனால தினம் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்தணும். குழாய்த் தண்ணின்னா, குளோரினைப் போக்கற ஆன்டி குளோரின் ஊத்த மறக்காதீங்க. கிழிஞ்ச வாலுக்கு நாலு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு, தனியா கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா. மருந்துக் கடையைத் தேடி ஓட வேண்டாம், சுத்தமான தண்ணியிலேயே வால் திரும்ப முளைக்கும்.

இன்னொரு கருப்பையும் அதே மாதிரி எடுத்துடறது நல்லது. அப்புறம் ரெண்டையும் வாங்கின கடையிலேயே கேட்டுப் பாருங்க, வளர்ந்த ஏஞ்சல்னா நிறைய பேர் மாத்திக்குவாங்க. காணாம போன நியான் எங்கேன்னு கேட்காதீங்க. பத்து ரூபா காசு அளவுல இருக்கறப்போ ஏஞ்சலுக்கு நியான் கூட்டாளி, உள்ளங்கை அளவு வளர்ந்துட்டா அதுவே தீனி.

ஒரு சந்தேகம். முட்டை மொத்தமும் வெளுத்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. கரு பிடிச்ச முட்டை கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், இளம் பழுப்பு. ஒண்ணு ரெண்டு வெளுத்தா சகஜம், அதைத் தாய் தகப்பனே பொறுக்கி எடுத்துடும். ஒண்ணு விடாம வெளுத்ததுன்னா உங்க ஜோடியில ஆண் இருக்கான்னு பாக்கணும். ரெண்டு பொட்டை ஜோடி சேர்ந்து முட்டையும் போட்டுக் காவலும் காக்கும். அடுத்த தடவை போடறப்போ வயித்துக்கு அடியில துருத்தற குழாயைக் கவனிங்க. ஆணுக்கு ஊசி மாதிரி மெலிசா, பொண்ணுக்கு மழுங்கின பேனா முனை மாதிரி தடியா இருக்கும்.

தாம்பரம் கிழக்கு:

மீனைக் கொடுக்க மனசு வராதவங்களுக்கு: நான் தொட்டி நடுவுல தடுப்பு வச்சேன். ஃபால்ஸ் சீலிங் விளக்குக்குப் போடற வெள்ளைக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டு இருக்கில்ல, அதை அளவா வெட்டிச் சொருகினேன். தண்ணி ஓடும், மீன் தாண்டாது. பார்க்க ஜெயில் மாதிரி இருக்கும், அது வேற விஷயம். மூணு மாசத்துல நானே வெறுத்துப் போய் ஒரு மீனைக் கொடுத்துட்டேன்.

பெரம்பூர் மாடிவீடு:

எல்லாருக்கும் நன்றி. பதினஞ்சு நாள் கழிச்சு எழுதறேன்.

அன்னைக்கு ராத்திரியே மார்பிளை எடுத்தேன். வலையில வரவே மாட்டேன்னுது, கடைசியில பெரிய சொம்பால மொண்டுதான் எடுத்தேன். மூணாம் நாள் தானா வந்து தீனி தின்னுது. வால் ஓரத்துல இப்போ கண்ணாடித் தாள் மாதிரி புதுசா வளருது. அதையும் அந்தக் கருப்பையும் நேத்து கடையில கொடுத்துட்டேன். பணம் தரல, ஒரு டப்பா தீனி கொடுத்தாரு. பையன் ஒரு மணி நேரம் பேசல.

ஐயா சந்தேகப்பட்டது சரி. போன வியாழக்கிழமை மறுபடி முட்டை. இந்தத் தடவை ஸ்டூல் போட்டு உக்காந்து பார்த்தேன். முதல்ல வெள்ளை குழாயோட ஒட்டி மேல ஏறி ஒரு வரிசை வச்சுது. சரி, அடுத்தது கருப்பு தகப்பன்னு பார்த்தா, அதுவும் அதே மாதிரி ஏறி இன்னொரு வரிசை வச்சுது! ரெண்டுக்கும் மழுங்கின பேனா முனைதான். அந்தக் கருப்புக்குப் பையன் "ராஜா"ன்னு பேர் வச்சிருந்தான், இப்போ "ராஜி" ஆயிடுச்சு. ரெண்டும் இப்போ சண்டையே போடல, மாத்தி மாத்தி முட்டைக்கு விசிறிக்கிட்டு இருக்கு.

ஒரு கேள்வி பாக்கி. அந்தக் கடைசி நியான் இன்னும் உள்ளதான் இருக்கு, செடிக்குப் பின்னாடியே ஒளிஞ்சிருக்கு. எத்தனை நாள் தாங்கும்?

மொட்டைமாடித் தொட்டி:

வெள்ளைக்கு நல்லா பசிக்கிற நாள் வரைக்கும். மார்பிள் இருந்த பக்கெட் காலியாத்தானே இருக்கு? அதுல தண்ணியை மாத்தி, நியானை இன்னைக்கே எடுத்து விடுங்கம்மா. ஏர் பம்பைக் குறைச்சு வைங்க.