கேன் ரிவர் நாவலின் பெண்களை ‘வலிமையான பெண்கள்’ என்று சொல்ல முடிகிறதா உங்களால்?

திண்ணைவாசகி:
எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் லலிதா டாடெமியின் கேன் ரிவர். லலிதா என்ற பெயரைப் பார்த்து நம் பக்கத்து எழுத்தாளர் என்று நினைத்துத்தான் கையில் எடுத்தேன். பார்த்தால் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டுத் தன் அம்மா வழி முன்னோரைத் தேடிப் போய், கிடைத்ததை 2001இல் நாவலாக்கியிருக்கிறார்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக (கதை வெளியே வரும், ஜாக்கிரதை): லூசியானாவில் கேன் ஆற்றங்கரைத் தோட்டங்கள். வர்ஜீனியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைப் பெண் எலிசபெத், அவள் மகள் சூசெட், சூசெட்டின் மகள் ஃபிலோமீன், ஃபிலோமீனின் மகள் எமிலி. 1834இல் தொடங்கி நூறு வருஷம் ஓடுகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு வெள்ளைக்காரன் வருகிறான், பிள்ளைகள் பிறக்கிறார்கள், நிறம் வெளுத்துக்கொண்டே போகிறது.

என் பிரச்சினை இதுதான். வட்டத்தில் எல்லோரும் ‘என்ன வலிமையான பெண்கள்’ என்று உருகுகிறார்கள். சூசெட் பால்மணம் மாறாத சிறுமி, தோட்டத்துக்கு வந்து போகும் பிரெஞ்சுக்காரன் அவளைக் கெடுக்கிறான், அவள் வாயைத் திறக்க முடியாது. ஃபிலோமீனின் கணவன் க்ளெமெண்டை விற்றுவிடுகிறார்கள், அப்புறம் அதற்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரத் தோட்டக்காரன் நார்சீஸுக்கே அவள் பிள்ளை பெறுகிறாள். இதில் வலிமை எங்கே இருக்கிறது? வேறு வழி இல்லாததை நாம் வலிமை என்று பெயர் மாற்றிச் சொல்கிறோமோ என்று தோன்றுகிறது. எமிலி மீது எனக்குக் கோபமே வந்தது, சொந்தக்காரர்களிலேயே கறுத்தவர்களை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிறாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
சூசெட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். அவளுக்கு நடந்தது கொடுமை, அவள் தாங்கினாள், அவ்வளவுதான். ஆனால் ஃபிலோமீனை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிரெஞ்சு ஆட்சியில் 1724இல் லூசியானாவுக்கு என்று போட்ட அடிமைச் சட்டத்திலேயே பிள்ளை தாயின் நிலையைத்தான் அடையும் என்று இருக்கிறது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, அப்பன் யாராக இருந்தாலும் சரி. தோட்டக்காரனுக்குத் தன் பிள்ளையே சொத்து. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் சட்டப்படி கல்யாணம் முடியாது, ஆகவே வாரிசு உரிமை என்ற பேச்சும் கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் 1870இல் அந்தக் கல்யாணத் தடையை எடுத்தார்கள், 1894இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள், கடைசியாக அது செத்தது 1967இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால். இந்த நிலையில் ஒரு பெண் என்ன செய்ய முடியும்? அவன் உயிரோடு இருக்கும்போதே, அவனுக்குத் தன் மேல் மயக்கம் இருக்கும்போதே, பிள்ளைகளுக்கு நிலத்தையும் பாதுகாப்பையும் வாங்கிவிட வேண்டும். ஃபிலோமீன் செய்வது அதைத்தான். தனக்கு முன்காட்சிகள் வரும் என்று ஊர் நம்புவதையே அவள் பேரம் பேசப் பயன்படுத்தும் இடம் இருக்கிறதே, நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். சந்தோஷச் சிரிப்பு இல்லை, சரி, ஆனாலும் சிரிப்புதான்.

வலிமை என்ற சொல் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் சாமர்த்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிதறிக் கிடந்த குடும்பத்தை விடுதலைக்குப் பிறகு ஒரே நிலத்தில் கூட்டி உட்காரவைத்தவள் அவள்.

அரைத்தூக்கம்:
நான் ஒரு கொலைக்குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: நடுவில் நூறு பக்கம் தள்ளிவிட்டேன். மன்னியுங்கள். பெயர்கள் அப்படி, டெர்பான், டோரா, ஃப்ரெடியூ என்று, யார் யாருக்கு மைத்துனன் என்று முன்பக்க வம்ச வரைபடத்தைப் புரட்டிப் புரட்டிக் கை வலித்தது. நடையும் தட்டை. ஒரு பாத்திரம் வேதனைப்படுகிறது என்றால் ‘அவள் வேதனைப்பட்டாள்’ என்றே எழுதி வைத்திருக்கிறார்.

என்னை இழுத்துப் பிடித்தது இடையிடையே வரும் பழைய ஆவணங்களும் புகைப்படங்களும். விற்பனைப் பத்திரத்தைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. மாட்டுச் சந்தை ரசீது மாதிரி இருக்கிறது, பெயர், வயது, விலை.

அலெக்ஸ் ஹேலியின் ‘ஏழு தலைமுறைகள்’ நாவலைப் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஒரு ஆணின் பெயரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வரும். இதில் ஆண்கள் வருவார்கள் போவார்கள், விற்கப்படுவார்கள், செத்துப் போவார்கள், கதை அம்மாவிடமிருந்து மகளுக்கு நகரும். அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே மீதியை முடித்தேன்.

நீள்சாலை:
நான் ஹூஸ்டனில் இருக்கிறேன், காரில் நாலு மணி நேரத்தில் கதை நடக்கும் ஊர். நாவலைப் படித்துவிட்டு ஒரு வார இறுதியில் போய் வந்தோம். முதலில் ஊர்ப் பெயர், எழுத்துக் கூட்டிப் படித்தால் நாச்சிடோச்சஸ் என்று வரும், அங்கே உள்ளவர்கள் ‘நாக்கடிஷ்’ என்கிறார்கள், பெட்ரோல் போட்ட இடத்திலேயே திருத்தினார்கள். கேன் ரிவர் இப்போது ஆறே இல்லை. ரெட் ரிவர் தடம் மாறிப் போனபின் மிஞ்சிய பழைய தடம், நீளமான ஏரியாகக் கிடக்கிறது, தண்ணீர் நகருவதே தெரியவில்லை.

ஓக்லண்ட், மக்னோலியா என்று இரண்டு தோட்டங்களைத் தேசியப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். மக்னோலியாவில் அடிமைகள் குடியிருந்த செங்கல் வீடுகள் 8 இன்னும் நிற்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் உறுதியான சின்ன வீடு. உள்ளே நின்றபோது என் பெண் கேட்டாள், ‘அப்பா, எல்லோரும் எங்கே படுத்தார்கள்?’ என்று. வழிகாட்டி பதில் சொல்லும்வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திண்ணைவாசகி எமிலியைத் திட்டியதற்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆற்றங்கரையில் மாரி தெரெஸ் குவாங்குவாங் என்று ஒரு பெண்மணி. அடிமையாகப் பிறந்தவர், 1778இல் விடுதலை பெற்றவர், நிலம் வாங்கிப் புகையிலை பயிரிட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக மீட்டவர். அவர் சந்ததியில் வந்த மெட்டோயர் குடும்பம் பெரிய பண்ணைக்காரர்களானது, அவர்களிடமும் அடிமைகள் இருந்தார்கள். அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே, சுதந்திரமான கலப்பினத்தார் என்று தனியாக ஒரு அடுக்கு, தனிக் கோயில், தனிச் சம்பந்தம். எமிலி கறுத்தவர்களைத் தள்ளி வைப்பது அவளாகக் கண்டுபிடித்த கெட்ட குணம் இல்லை, அந்த அடுக்கில் ஒரு படி ஏற அவளுக்குத் தெரிந்த ஒரே ஏணி. அவள் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை.

திண்ணைவாசகி:
நீள்சாலை அண்ணா, ஏணி என்பது புரிகிறது. ஆனால் அந்த ஏணியிலிருந்து அவள் மகனே இறங்கிவிடுகிறானே, கறுத்த பெண்ணாகப் பார்த்துக் கட்டுகிறான். அந்த இடத்தில் எமிலியின் முகத்தை எழுதியிருக்கும் விதம் ரொம்ப நன்றாக இருந்தது, அரைத்தூக்கம் அதையும் தள்ளிவிட்டாரோ என்னவோ. எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போய்விட்டு வந்து ‘பெண் கொஞ்சம் மாநிறம்’ என்று சொல்லும் அத்தைகளின் முகம்தான் அது, அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

கணக்குப்பிள்ளை சொன்ன சட்டக் கணக்கை வட்டத்தில் சொல்கிறேன். ‘சாமர்த்தியம்’ எனக்கு ஒத்துவருகிறது. சூசெட்டுக்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
சொல்ல விட்டுப்போனது. இந்த வம்சத்தைத் தேடுவது எவ்வளவு பாடு என்பதையும் வட்டத்தில் சொல்லுங்கள் அம்மா. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல், அதில் முதலாளியின் பெயர் இருக்கும், கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான், அவர்கள் பெயரே இருக்காது. விடுதலையானவர்கள் பெயரோடு கணக்கில் ஏறுவது 1870இல்தான். அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவுகளையும் பிரெஞ்சில் எழுதின விற்பனைப் பத்திரங்களையும்தான் துழாவ வேண்டும். சூசெட் இருந்தாள் என்பதற்கே சாட்சி அவளை விற்றவர்கள் வைத்திருந்த காகிதம்.

அரைத்தூக்கம்:
சரி, கல்யாண இடத்தைத் திரும்பப் போய்ப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தள்ளின நூறு பக்கத்தில் முப்பதை மீட்டாயிற்று.

இவரே 2007இல் ரெட் ரிவர் என்று இன்னொன்று எழுதியிருக்கிறார், அது அப்பா வழி, ஆண்களின் கதை. 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் கறுப்பினத்தவர்களைக் கொன்று குவித்த சம்பவம். அந்த ஊரில் 1950இல் வைத்த அறிவிப்புப் பலகையில் அதைக் ‘கலவரம்’ என்று எழுதியிருந்தார்கள், 2021இல்தான் எடுத்தார்கள். அடுத்த மாதத்துக்கு அதைப் போடுங்களேன். இதில் ஒரு பக்கமும் தள்ள மாட்டேன், சத்தியம்.