ஆர்னோல்ஃபினி ஓவியம்: கல்யாணமா, நினைவுப் படமா?

கேள்வி:
லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள ஓவியர் யான் வான் ஐக் 1434-இல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதி ஓவியத்தில் அந்தப் பெண் கர்ப்பமா? நடப்பது திருமணமா? ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள்.

பதில் 1:
கர்ப்பம் இல்லைங்க. இடக்கையைப் பாருங்கள்: தரையில் புரளும் கனமான அங்கியை வயிற்றுக்கு மேலே அள்ளிப் பிடித்திருக்கிறார். அன்றைய உடை அப்படி. வான் ஐக் டிரெஸ்டன் முப்பலகை ஓவியத்தில் வரைந்த புனித கேத்தரின் ஒரு கன்னிப்பெண். அவருக்கும் இதே வயிறுதான்.

பதில் 2:
இந்தப் படமே ஒரு திருமணத்துக்கான சாட்சி என்பது 1934-இல் கலை வரலாற்றாசிரியர் எர்வின் பானோஃப்ஸ்கி வைத்த வாதம். கண்ணாடிக்கு மேலே லத்தீனில் "யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434" என்றிருக்கிறது. கண்ணாடிக்குள் வாசலில் இருவர் நிற்கிறார்கள். நல்ல வாதம், ஆனால் ஆவணம் இடிக்கிறது. படத்தில் உள்ள கணவர் என்று பானோஃப்ஸ்கி சொன்ன ஜொவான்னி டி அர்ரிகோ ஆர்னோல்ஃபினிக்குக் கல்யாணம் நடந்தது 1447-இல். ஓவியரோ 1441-இலேயே இறந்துவிட்டார்! படத்தில் இருப்பவர் என்று இப்போது பலரும் சொல்வது அர்ரிகோவின் உறவினர் ஜொவான்னி டி நிக்கொலாவோவை. நிக்கொலாவோவின் மனைவி கொஸ்டான்ஸா 1433-க்குள் காலமாகிவிட்டார்.

பதில் 3:
அதனால்தான் இறந்த மனைவியின் நினைவுப் படம் என்ற வாசிப்பும் வந்தது. சரவிளக்கில் கணவர் பக்கம் ஒரே மெழுகுவர்த்தி எரிகிறது. மனைவி பக்கம் உருகி வழிந்த மெழுகு மட்டும். கண்ணாடிச் சட்டத்தில் 10 வட்டங்கள்: கணவர் பக்கம் இயேசு உயிரோடு, மனைவி பக்கம் இயேசுவின் இறப்பும் உயிர்த்தெழுதலும். எனக்கு இது வலுவாகப் படுகிறது. ஆனாலும் நிரூபணம் இல்லை.

படம் சுமார் 82 × 60 செ.மீ.தான், வட்டங்கள் நேரில் மிகப் பொடிசு. கேலரியின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். விளக்கப் பலகையைக் கடைசியில் படியுங்கள்; முதலில் படித்தால் கண் அதைத்தான் தேடும்.